அடிபட்டுக்கொண்டே இருப்பவர்களும் சிரிப்பும்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு அடிபடாத மாதம் குறைவு. அவன் ஏறின பஸ் பஞ்சராகும், அவன் உட்கார்ந்த நாற்காலிக்குத்தான் கால் உடையும், அவன் போன் கிணற்றுக்குள் விழும். நடந்ததை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அவன்தான் முதலில் ஆரம்பிப்பான். இது தெரிந்ததால் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் என்னைப் பிடித்துவைத்து இதைப் பற்றியே கேட்கிறார்கள். பாதிப் பேர் தங்கள் வீட்டு ஆளுக்காக, மீதிப் பேர் தங்களுக்காக. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"கீழ விழுந்ததைப் போய் எப்படி ஆச்சி சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க? அதுல சிரிக்க என்ன இருக்கு?"

வலியில் சிரிக்க ஒன்றுமில்லை. நாம் நினைத்துப் போனது ஒன்று, நடந்தது ஒன்று, சிரிப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லாருக்கும் முன்னால் நடந்தவர் ஊருணிப் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த நிமிஷமே அது சிரிக்கிற விஷயம் ஆகிவிடுகிறது. பீட்டர் மெக்ரா, காலெப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010ல் இதைத்தான் ஒரு கொள்கையாகவே சொன்னார்கள்: நடந்தது முறை தப்பினதாகவும் இருக்க வேண்டும், ஆபத்தில்லாததாகவும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் சேரும்போது சிரிப்பு வரும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. விழுந்தவர் தானே சிரித்துச் சொன்னால் அந்தக் கதை அவருடையது. அவர் வாயை மூடிக்கொண்டால் அதை ஊர் சொல்லும், ஊர் சொல்லும்போது "பாவம், அவன் ராசி அப்படி" என்று முடியும். கீழே வருகிற பல பதில்களும் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

"சிலருக்கு மட்டும் அடிக்கடி அடிபடுதே, அப்படி ஒரு ராசி நிஜமாவே உண்டா?"

கொஞ்சம் உண்டு, நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1919ல் பிரிட்டனில் கிரீன்வுட், ஹில்டா வுட்ஸ் என்ற இரண்டு பேர் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பேருக்கே திரும்பத் திரும்ப அடிபட்டிருந்தது, வெறும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரவில்லை. அதிலிருந்துதான் 'விபத்துக்கு ஆளாகிற சுபாவம்' என்ற பேச்சே கிளம்பியது. பிறகு வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலையா, ஒரே மாதிரி ஆபத்தா என்று கேட்டு அந்த முடிவை நிறையக் குறைத்துவிட்டார்கள்.

தற்செயல் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர், நூறு விபத்து. கண்ணை மூடிக்கொண்டு யாருக்கு எது என்று பார்க்காமல் எறிந்தால் ஆளுக்கு ஒன்று வராது. சுமார் 37 பேருக்கு ஒன்றுமே வராது, இன்னொரு 37 பேருக்கு ஒன்று வரும், 18 பேருக்கு இரண்டு, மீதி 8 பேர் தலையில் மூன்றோ அதற்கு மேலோ விழும். அந்த எட்டுப் பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் தெருவில் அவர்களைத்தான் 'பட்ட காலிலே படும்' என்று சொல்லுவோம்.

"எனக்கு ஏழரை நடக்குது. அதான் இப்படி அடி மேல அடி. சரிதானே?"

சனி பகவான் ராசி மண்டலத்தை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம். பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். நம் ராசிக்கு முந்தின ராசி, நம் ராசி, அடுத்த ராசி என்று மூன்றையும் சேர்த்துத்தான் ஏழரை. அப்படியென்றால் எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டிருக்கும். நாலு பேரில் ஒருத்தர். அஷ்டமச் சனி, கண்டகச் சனி, அர்த்தாஷ்டமச் சனி என்று சேர்த்தால் ஆறு ராசி, பாதி ஊர்.

நான் சாமி கும்பிடுகிறவள், சனிக்கிழமை எள் விளக்குப் போடுகிறவர்களை ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: கொப்புடையம்மன் கோயில் வரிசையில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சனி உண்டு. நீங்கள் தனியாக இல்லை.

"நான் நின்னா மட்டும் வரிசை நகரவே மாட்டேங்குது, நான் போனா மட்டும் பஸ் இப்பத்தான் போச்சுங்கிறாங்க. ஏன்?"

மூன்று வரிசை இருந்தால் உங்களுடையது வேகமாக நகர மூன்றில் ஒரு வாய்ப்பு. மற்ற இரண்டில் ஒன்று முந்துவதற்கு மூன்றில் இரண்டு. எல்லாருக்குமே பெரும்பாலும் பக்கத்து வரிசைதான் வேகமாகப் போகும்.

பஸ்ஸும் அப்படியே. தேவகோட்டைக்கு ஒரு பஸ் போனதும் ஐந்து நிமிஷத்தில் அடுத்தது வருகிறது, அதற்கடுத்தது இருபத்தைந்து நிமிஷம் கழித்து வருகிறது, இப்படியே மாறி மாறி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிஷத்தில் இருபத்தைந்து நிமிஷம் நீண்ட இடைவெளிக்குள் போய்விட்டது, அதனால் நீங்கள் எப்போது போனாலும் ஆறுக்கு ஐந்து தரம் அந்த நீண்ட இடைவெளியில்தான் மாட்டுவீர்கள். சீக்கிரம் வந்த பஸ்ஸில் ஏறிப் போனதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அது வேறு.

ரொட்டி கைதவறினால் ஜாம் தடவின பக்கமாகவே விழுவதற்கும் காரணம் இருக்கிறது. மேசை உயரத்திலிருந்து விழும்போது அதற்கு ஏறக்குறைய அரைச்சுற்றுச் சுற்றத்தான் நேரம். ராபர்ட் மேத்யூஸ் என்பவர் 1995ல் இதை இயற்பியல் கணக்காகவே எழுதிக் காட்டினார், அடுத்த வருஷம் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. உங்கள் கைராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"வெளிய போனாத்தானே விபத்து? எங்க வீட்டுக்குள்ளேயே தலை இடிக்குது, கால் தடுக்குது. பழைய வீடு வேற."

நம் பக்கத்து வீடுகளைக் கட்டினவர்கள் அழகுக்குக் குறை வைக்கவில்லை, ஆனால் அவசரமாக நடக்கிறவருக்கு அந்த வீட்டில் நாலு இடத்தில் கண்டம் இருக்கிறது. முகப்புக் கதவு யானை நுழையும் உயரம் இருக்கும், அதே வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியிருக்கிற அறைகளின் நிலையோ குனிந்து போகிற அளவுதான். வாசற்படி முழங்காலுக்குப் பாதி உயரம் வரும். மாடிப்படி செங்குத்தாக, குறுகலாக, பகலிலேயே இருட்டாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்திருக்கும்போது காலுக்குக் குளுமை, முற்றத்துச் சாரல் அடித்து நனைந்துவிட்டால் சறுக்கும், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த அன்று ஈரக் காலோடு போனால் கேட்கவே வேண்டாம்.

சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடம்பே குனிந்துகொள்ளும். புதிதாக வந்த மருமகள், லீவுக்கு வந்த பேரப்பிள்ளை, கண்ணாடி மாற்றின ஐயா, இவர்களுக்குத்தான் இடிக்கும். எங்கள் வீட்டில் தலையிடிக்கிற நிலைக்கு மேலே மாவிலைத் தோரணத்தைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்டிவிட்டோம். இலை நெற்றியில் உரசும், ஆள் குனிந்துவிடுவார். காய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. படி விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு, மாடிப்படிக்கு ஒரு விளக்கு, முற்றத்து ஓரத்தில் சாக்கு மிதியடி. இதையெல்லாம் செய்த பிறகு நடக்கிறதைப் பற்றிச் சிரிப்போம். ஒரே இடத்தில் வாரா வாரம் ஆள் விழ, அதைத் திருத்தாமல் சிரித்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டணுமா, இல்ல அவன் சுபாவமே அப்படின்னு விட்டுரலாமா?"

புதிதாக ஆரம்பித்திருந்தால் காட்டுங்கள். நேற்றுவரை நன்றாக நடந்தவர் இப்போது அடிக்கடி தடுக்கி விழுகிறார் என்றால் அது சுபாவம் கிடையாது. கண் பார்வை, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு, சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது, பி12 குறைவு, பிரஷர் மாத்திரை சாப்பிட்டு எழுந்ததும் வருகிற தலைசுற்றல், சரியான தூக்கமில்லாதது என்று காரணங்கள் நிறைய உண்டு. இதில் பலவற்றுக்கு எளிய வைத்தியமும் உண்டு. நம் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, அதனால் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளில் சிலர் சின்னதிலிருந்தே பந்து பிடிக்க, சட்டைப் பொத்தான் போட, சைக்கிள் ஓட்டச் சிரமப்படுவார்கள். உடல் ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என்று இதற்குப் பெயர், நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. சோம்பேறித்தனமோ கவனக்குறைவோ இல்லை. இந்தப் பிள்ளைகளை 'தொட்டதெல்லாம் உடைக்கிறவன்' என்று சிரிப்பதை இன்றே நிறுத்திவிட்டுப் பயிற்சி கொடுக்கிற ஆளைப் பாருங்கள்.

"யாராவது விழுந்தா எனக்கு உடனே சிரிப்பு வந்துருது. அடக்க முடியல. தப்பா?"

சிரிப்பு வருவது தப்பில்லை. கையைக் கொடுப்பதற்கு முன்னால் சிரிப்பதுதான் தப்பு. முதலில் ஆளைப் பாருங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறின தூக்கம், நினைவு தப்பினது என்று ஏதாவது இருந்தால் 108க்குப் போன் செய்யுங்கள், அங்கே சிரிப்புக்கு வேலையில்லை. கையையோ காலையோ சுட்டுக்கொண்டார் என்றால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டச் சொல்லுங்கள், பற்பசையும் இங்க்கும் தடவ வேண்டாம். துருப்பிடித்த ஆணியோ தகரமோ கிழித்திருந்தால் டெட்டனஸ் ஊசி.

இதெல்லாம் முடிந்து ஆள் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு உங்களைப் பார்ப்பார். அவர் உதடு விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் நீங்களும் சிரியுங்கள்.

"அப்ப எத்தனை நாள் கழிச்சுச் சிரிக்கலாம்?"

சின்னதுக்கும் பெரியதுக்கும் கணக்கு வேறு. முதல் பதிலில் சொன்ன மெக்ரா, வேறு சிலரோடு சேர்ந்து 2012ல் இதையும் ஆராய்ந்தார். பெரிய துயரம் காலம் போகப் போகத்தான் சிரிக்கத் தக்கதாகும், சின்ன அசம்பாவிதமோ சூடாக இருக்கும்போதுதான் சிரிப்பு, நாளானால் ஆறிப்போகும் என்று கண்டார்கள். குழிப்பணியாரச் சட்டியைத் தூக்கி மாவைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டதை அன்றைக்குச் சாயந்திரமே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் கேட்பவருக்கு என்ன இருக்கிறது? பைக்கில் விழுந்து காலில் பிளேட் வைத்தவருக்கு ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். தேதியை அவர் சொல்லட்டும்.

"நான் சொன்னா எல்லாரும் 'அடப்பாவமே'ன்னு உச்சுக்கொட்டுறாங்க. சிரிக்கிற மாதிரி எப்படிச் சொல்றது?"

இதை என் தம்பியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், அவன் சொல்கிற ஒரு கதையையே எழுதுகிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீடு. பொண்ணு வீட்டில் சீர்ச் சாமான் பரப்பியிருக்கிறார்கள், வெங்கலம், எவர்சில்வர், மங்கு என்கிற எனாமல் பாத்திரம் எல்லாம் அடுக்கடுக்காக ஆள் உயரத்துக்கு. ஒரு வயசான ஆச்சி வருகிறார்கள் என்று இவன் மரியாதையாக ஒரு அடி பின்னால் நகர்கிறான். குதிகால் அடி அடுக்கில் படுகிறது. மேலேயிருந்து வரிசையாக இறங்குகிறது. இவன் பாய்ந்து ஒன்றைப் பிடித்துவிட்டான், பார்த்தால் மூடி. சத்தம் அடங்கின பிறகும் ஒரே ஒரு மங்குத் தட்டு மட்டும் விளிம்பில் நின்று சுற்றிக்கொண்டே போய், பட்டாலையைத் தாண்டி, மாப்பிள்ளையின் அப்பச்சி (அப்பா) காலடியில் போய்ச் சுழல்கிறது. விழ மாட்டேன் என்கிறது. நூறு பேர் மூச்சு விடாமல் அந்தத் தட்டையே பார்க்கிறார்கள். அது கடைசியாகப் படுத்ததும் அந்த ஆச்சி சொன்னார்களாம், "பரவால்ல தம்பி, எண்ணி வைக்கணும்னுதான் இருந்தோம். எல்லாரும் ஆளுக்கொண்ணு எடுத்துக் கொடுங்க, அப்படியே எண்ணிரலாம்." கல்யாணப் பொண்ணுதான் முதலில் சிரித்ததாம்.

இதில் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று எங்கேயும் சொல்லவில்லை. அப்படி ஒரு வரி வந்துவிட்டால் கேட்பவருக்கு இரக்கம் வந்துவிடும், சிரிப்பு போய்விடும். வலியை ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டு அந்தத் தட்டில் நேரம் எடுத்துக்கொள்கிறான். நல்ல வசனத்தை அந்த ஆச்சிக்குக் கொடுத்துவிடுகிறான். மரியாதைக்காக நகர்ந்ததால் நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் அவன் மேல் நமக்குக் கோபமும் வருவதில்லை. உங்கள் கதையிலும் அந்தத் தட்டு மாதிரி ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். மற்றதைக் குறைத்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

"இப்படிப் பேரெடுத்த பெரிய மனுஷங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள். 1945ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கின வுல்ஃப்காங் பவுலி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாலே கருவிகள் உடையும் என்று கூட இருந்த விஞ்ஞானிகள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். அவருடைய நண்பர் ஓட்டோ ஸ்டெர்ன் தன் ஆய்வுக்கூடத்துக்குள் அவரை வரவே வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தாராம். அவர் உள்ளே வரும்போது சரவிளக்கு விழுகிற மாதிரி நண்பர்கள் ஒரு தடவை கயிறு கட்டி விளையாட்டுக் காட்டப் பார்த்தார்களாம், கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டு விளக்கு விழவேயில்லை. அவர் வந்ததால் அந்த ஏற்பாடும் கெட்டது! பவுலிக்கும் இந்தப் பேர் பிடித்தே இருந்தது என்பார்கள்.

வயலட் ஜெசப் என்ற கப்பல் பணிப்பெண்ணின் கதை வேறு மாதிரி. 1911ல் ஒலிம்பிக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார். 1912ல் டைட்டானிக்கில் இருந்தார். 1916ல் பிரிட்டானிக் மூழ்கியபோது செவிலியராக அதிலும் இருந்தார். மூன்றிலும் பிழைத்து 1971 வரை வாழ்ந்தார். அவரைத் துரதிர்ஷ்டசாலி என்பதா, அதிர்ஷ்டசாலி என்பதா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது, எங்கள் தெருவில் கேட்டால் பாதிக்குப் பாதி பிரிந்து சண்டை போடுவார்கள்.

"அடிக்கடி விழறவங்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?"

பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா என்று பேங்கில் கேளுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், 18லிருந்து 70 வயது வரை, விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். இதற்கு முன்னால் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கை முறிந்து கட்டுப் போட்ட செலவுக்கு இது வராது, அதற்குத் தனி மருத்துவக் காப்பீடு வேண்டும்.

"திருஷ்டி கழிச்சா நிக்குமா?"

மனசுக்குத் தைரியம் வருமென்றால் கழியுங்கள், ஏழரை பற்றிச் சொன்னதுதான் இதற்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்துவிட்டு அப்படியே போகாதீர்கள். அதில் டூவீலர் சறுக்கி விழுந்தவர்கள் உண்டு. உங்கள் திருஷ்டி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் முழங்காலில் போய் முடியக் கூடாது. உடைத்ததும் ஓரமாக அள்ளிப் போடுங்கள்.

"அதிர்ஷ்டத்தை மாத்திக்க முடியுமா, ஆச்சி?"

விழுவதை ஓரளவு குறைக்கலாம், வீட்டைப் பற்றின பதிலில் சொல்லியிருக்கிறேன். வருகிற நல்லதைக் கவனிக்கவும் பழகலாம். ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், தங்களை அதிர்ஷ்டசாலி என்றும் துரதிர்ஷ்டசாலி என்றும் சொல்லிக்கொண்டவர்களிடம் ஒரு பத்திரிகையைக் கொடுத்து அதில் எத்தனை படம் என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே, எண்ணுவதை நிறுத்துங்கள், இத்தனை படம் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அதிர்ஷ்டசாலிகள் அதைப் பார்த்துவிட்டார்கள். மற்றவர்களில் பலர் படத்தை எண்ணுகிற பதற்றத்தில் தாண்டிப் போய்விட்டார்கள். பதற்றம் குறைந்தால் கண் கொஞ்சம் அகலும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

"என் மகனை சொந்தக்காரங்களே ராசியில்லாதவன்னு கேலி பண்றாங்க. அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். விட்டுரலாமா?"

அவன் எதைச் சொல்லிச் சிரிக்கிறான் என்று கேளுங்கள். "நேத்து என்ன ஆச்சு தெரியுமா" என்று நடந்ததைச் சொல்லிச் சிரித்தால் நல்லது. "நான் அப்படித்தான், நான் விளங்க மாட்டேன்" என்று தன்னையே சொல்லிச் சிரித்தால் கவனம் வேண்டும். ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2003ல் மனுஷருடைய நகைச்சுவையை நாலு வகையாகப் பிரித்தார்கள். கஷ்டத்திலும் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்ளச் சிரிப்பது ஒரு வகை. மற்றவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டு சிரிப்பது இன்னொரு வகை, இது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிரிப்பாகத்தான் தெரியும்.

சொந்தக்காரர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அவனைப் பேசச் சொல்லாதீர்கள். "நடந்ததைச் சொல்லிச் சிரிங்க அயித்தான், பேரு வைக்காதீங்க" என்று நேராகச் சொல்லிவிடலாம். நல்ல மனுஷர்கள் என்றால் புரிந்துகொள்வார்கள்.

"நான் வாக்கப்பட்டு வந்த பிறகுதான் இந்த வீட்டுல எல்லாம் கெட்டுச்சுன்னு மாமியார் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. நானும் சிரிக்கணுமா?"

வேண்டாம். இதைக் கேட்ட பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள், கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. மாடு செத்தது, மோட்டார் எரிந்தது, மாமனாருக்குக் கால் பிசகினது எல்லாம் அவள் கால் வைத்த நேரமாம். நூறு விபத்துக் கணக்கை மேலே சொன்னேன், அதில் யார் எந்த வீட்டுக்கு வந்தார்கள் என்பதற்கு இடமே இல்லை. உன் விஷயத்தில் நீ சிரிக்கலாம், உன் மேல் போட்ட பழிக்கு நீ சிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை, அம்மா. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு "அப்படிச் சொல்லாதீங்க, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பார். வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல், அவரும் வாயைத் திறக்கட்டும்.

நல்ல காரியத்துக்கு இன்னார் முன்னால் நிற்கக் கூடாது என்று ஒதுக்குகிறார்களே, அதற்கும் என் பதில் இதுதான். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் குத்துவிளக்குப் பக்கத்தில் என் தம்பியைத்தான் நிற்க வைத்தோம். விளக்கு நன்றாகவே எரிந்தது.

"கீழ விழறது சரி. தொழிலே விழுந்துபோச்சு, கடன் வேற. இதுலயும் சிரிக்கச் சொல்றீங்களா?"

சொல்ல மாட்டேன். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்பது கேட்கிறவருக்குத்தான் வேடிக்கை. முதலில் கடனைப் பற்றி நம்பிக்கையான ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், சிரிப்பு தானாக வந்தால் வரட்டும்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பர்மாவில் வயலும் வட்டிக்கடையுமாக இருந்தவர்கள் 1942ல் ஜப்பான்காரர் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், பலர் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள், வழியில் இறந்தவர்கள் ஏராளம். விட்டுவந்த நிலமும் பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு கைவிட்டுப் போயிற்று. சின்னப் பையனாக நடந்து வந்த ஒரு ஐயா எங்கள் தெருவில் இருந்தார். வழியில் பார்த்ததை எங்களுக்குச் சொல்லவே மாட்டார். ஒரு குடையைப் பற்றித்தான் சொல்லுவார்: அத்தனை தூரம், அத்தனை மழையில் பத்திரமாகக் கொண்டுவந்த ரங்கூன் குடையைக் காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கின நிமிஷத்தில் மறந்து ரயிலிலேயே விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். மற்றதை அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"எனக்கு இப்பல்லாம் எதுக்குமே சிரிப்பு வரல. முன்னாடி எல்லாம் வரும்."

அப்படியென்றால் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை எல்லாம் ஒதுக்கிவையுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எதிலும் மனம் போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதற்கு உதவி உண்டு. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸை 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். அல்லது வீட்டில் ஒருவரிடம் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே கூட்டிப் போகச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

"உங்க தம்பி கதையை நீங்க எழுதுறீங்களே, விழுந்தவங்கதான் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சரியான கேள்வி. எழுதுவதற்கு முன்னால் அவனிடம் படித்துக் காட்டினேன். தட்டுக் கதையைச் சொல்லலாம் என்றான், குத்துவிளக்கைக் கண்டிப்பாக எழுது என்றான். இன்னொன்றை வேண்டாம் என்றான், அது இங்கே இல்லை. மற்றவர் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இதைச் செய்தாலே போதும்: கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஏன் என்று துருவாதீர்கள். பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூட மேடையில் விழுந்ததை விருந்தாளி முன்னால் சொல்லும்போது அதன் முகம் சுருங்குகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

"சொல்லச் சொல்லக் கதை பெருசாகிக்கிட்டே போகுது. அது பொய் ஆகாதா?"

சத்தத்தையும் முகபாவத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது, கேட்பவருக்கும் அது தெரியும். மூன்று இடத்தில் கை வைக்காதீர்கள். அடிபட்ட அளவைக் கூட்டாதீர்கள், கேட்கிறவர் பயந்துபோவார். இல்லாத ஆளைக் கதைக்குள் கொண்டுவந்து அவர் தள்ளிவிட்டார் என்று சொல்லாதீர்கள், நாளைக்கு அவர் காதுக்குப் போகும். உதவி செய்தவரை விட்டுவிடாதீர்கள், தூக்கிவிட்டவர் பேர் கதையில் இருக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. அன்றைக்குக் கூட இருந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நீங்கள் அளவுக்கு மீறிப் போனால் "ஏய், அது அப்படி இல்லப்பா" என்று அவரே இழுத்துப் பிடிப்பார், பிறகு இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்வீர்கள்.